இராஜேந்திரனுக்குப் பிறகு யார்?

“சோறு ஆறிப் போகுது, வாடா என்று கூப்பிட்டால், ‘கொஞ்சம் பொறுங்கம்மா, என் ராஜா சாகக் கிடக்கிறார்’ என்கிறான். இது என்ன கூத்து, வாத்தியாரே?”

இப்படிக் கேட்கும் தாய்மார்கள் இன்று நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோனவர்களிலும் இருக்கிறார்கள். அண்ணன் ஜொகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்து வாங்கிவைத்த கணினியின் முன்னால் தம்பி உட்கார்ந்துவிட்டால் எழுந்திருப்பதில்லை. அவன் கையில் துப்பாக்கி இல்லை. ஓடும் கார் இல்லை. திரையில் ஒரு பெரிய வரைபடம், சில முகங்கள், நிறைய எழுத்து. ஆனாலும் அவன் ஓர் அரசன்! மந்திரிகள் வந்து யோசனை கேட்கிறார்கள். பக்கத்து நாட்டான் படை திரட்டுகிறான். மூத்த மகனும் இளைய மகனும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ராஜா வேடம் கட்டுவது நமக்குப் புதிதன்று. தோட்டத்துத் திருவிழாவில் விடிய விடியத் தெருக்கூத்து நடந்த காலத்தில், பகலில் பால்மரம் வெட்டியவர் இரவில் அரிச்சந்திர மகாராசாவாக நின்றார். வேடம் கலைந்தால் மறுநாள் பிரட்டுக்களத்தில் மண்டோர் பெயர் கூப்பிடும்போது அவரும் வரிசையில் நிற்பார். இருந்தாலும் அந்த ஓர் இரவு, ஓர் அரசனின் துன்பம் என்னவென்று அவர் தம் நெஞ்சால் அறிந்தார். இன்றைய பிள்ளை அதே வேடத்தைக் கணினியில் கட்டுகிறான். அந்த வேடம் அவனுக்கு எதைக் கற்பிக்கிறது, எதைக் கற்பிக்காமல் விடுகிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

அரசன் சாவான், ஆட்டம் சாகாது

இவ்வகை ஆட்டங்களில் பெயர் பெற்றது ‘குருசேடர் கிங்ஸ்’. ஸ்வீடன் நாட்டு நிறுவனமான பாரடாக்ஸ் வெளியிட்டது. இதன் இரண்டாம் ஆட்டத்திற்கு 2014ஆம் ஆண்டில் ‘ராஜாஸ் ஆஃப் இந்தியா’ என்ற இணைப்பு வந்தபோது இந்திய மன்னர்கள் உள்ளே வந்தார்கள். மூன்றாம் ஆட்டம் 2020இல் வந்தது. அப்போது அதன் வரைபடம் பர்மாப் பக்கத்தோடு முடிந்துவிட்டது. நம் தீபகற்பமே அதில் இல்லை. 2025 அக்டோபரில் வந்த இணைப்புக்குப் பிறகுதான் சீனா, ஜப்பானோடு மலாய்த் தீவுகளும் அதில் இடம்பெற்றன.

ஆடுபவன் ஒரு நாட்டை ஆடுவதில்லை. ஒரு மனிதனை ஆடுகிறான். அந்த மனிதனுக்குக் குணங்கள் உண்டு. ஒருவன் கோபக்காரன், ஒருவன் இரக்கமுள்ளவன், ஒருவன் பேராசைக்காரன். இரக்கமுள்ள அரசனை ஆடும் பையன் கைதியின் தலையை வெட்டச் சொன்னால், அந்த அரசனுக்கு மனஉளைச்சல் ஏறும். உளைச்சல் மிஞ்சினால் நோய் வரும், குடிப்பழக்கம் வரும், உயிரும் போகும். குணத்தை மீறி நடந்தால் அதற்கு விலை உண்டு என்று ஆட்டம் சொல்கிறது.

வயதாகி அரசன் இறந்துபோகிறான். அப்போது ஆட்டம் முடிவதில்லை. ஆடுபவன் அவனுடைய வாரிசாக மாறிவிடுகிறான். நேற்றுவரை அப்பனாக இருந்து செய்த கடன், வளர்த்த பகை, கட்டிய கோட்டை எல்லாவற்றையும் இன்று மகனாக நின்று சுமக்கவேண்டும். பல பிள்ளைகள் இருந்தால் நாடு துண்டு துண்டாகப் பங்கு போகும். தன் குலத்தைச் சேர்ந்த வாரிசே இல்லாவிட்டால் ஆட்டம் முற்றும். 867ஆம் ஆண்டில் தொடங்கி 1453வரை இப்படியே தலைமுறை தலைமுறையாக ஆடலாம்.

ஒன்றைப் பெற்றோர் கவனிக்கவேண்டும். இந்த ஆட்டத்தில் கொலைச் சதியும் கள்ளத் தொடர்பும் வரும். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு இது ஏற்றதன்று. மேல்படிவத்தில் படிக்கும் பிள்ளைகள்கூட நேரம் வரையறுத்தே ஆடவேண்டும்.

இராஜேந்திரன் எங்கே?

தமிழ்ப் பிள்ளை இந்த ஆட்டத்தைத் திறந்ததும் முதலில் தேடுவது சோழரைத்தான். ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படம் 2022இலும் 2023இலும் வந்தபின் அந்த ஆவல் இன்னும் கூடிவிட்டது. அதிலும் “கடாரம் கொண்டான்” என்று பெயர் பெற்ற இராஜேந்திர சோழனாக ஆடவேண்டும் என்பதே பலருடைய ஆசை. கடாரம் என்றால் நம் கெடா அல்லவா!

ஆனால் இங்கே ஒரு வேடிக்கை. மூன்றாம் ஆட்டம் வந்தபோது அதைத் தொடங்க இரண்டே ஆண்டுகள்தாம் தரப்பட்டன: 867, 1066. பிறகு 1178ஆம் ஆண்டையும் சேர்த்தார்கள். இராஜேந்திரன் ஆண்டதோ 1014 முதல் 1044 வரை. 867 என்பது விஜயாலய சோழனின் காலம். இராஜேந்திரனுக்கு ஆறு தலைமுறை முந்தியது. 1066இலோ இராஜேந்திரன் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய மகன் வீரராஜேந்திரன் அரியணையில் இருக்கிறார். ஆக, அந்த ஆட்டத்தில் ஒருவன் இராஜேந்திரனுக்கு முன்னோராகத் தொடங்கலாம், பின்னோராகவும் தொடங்கலாம். இராஜேந்திரனாகத் தொடங்க வழியில்லை.

(‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்ற வேறோர் ஆட்டத்தின் இந்திய இணைப்பில், 2022 முதல் இராஜேந்திரனின் படையெடுப்புகளையே ஆடலாம். ஆனால் அது போர் ஆட்டம். போர் முடிந்தால் கதையும் முடிந்துவிடும்.)

இந்த வேடிக்கையில் ஒரு நல்ல பாடம் இருப்பதாக எனக்குப் படுகிறது. வீரனின் மகனாக இருந்து பார்த்தால்தான் அந்த வீரன் எதை விட்டுப் போனான் என்பது தெரியும்.

தகப்பன் நண்பன், மகன் பகைவன்

வரலாறு சொல்வதைப் பார்ப்போம். இராஜேந்திரனின் தந்தை இராஜராஜன் காலத்தில் சோழருக்கும் கடாரத்து அரசருக்கும் நல்ல நட்பு இருந்தது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியைக் கட்டினான். இராஜராஜன் சிவபக்தர். ஆனாலும் 1006ஆம் ஆண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அந்தப் புத்தப் பள்ளிக்குக் கொடையாகக் கொடுத்தார். தந்தை கொடுத்த அந்தக் கொடையைச் செப்பேட்டில் எழுதி நிலைநிறுத்தியவர் மகன் இராஜேந்திரன்தான்.

அதே இராஜேந்திரன் சுமார் 1025இல் கப்பற்படையை அனுப்பினார். ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரி தேசம், மாநக்கவாரம், கடாரம் என்று பதின்மூன்று இடங்களை அவருடைய மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்கிறது. கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டான். சீனத்துக்குப் போகும் கடல்வழியும் அதன் வாணிபமும் இந்தப் போருக்குக் காரணமாக இருந்திருக்கவேண்டும் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர்.

வென்ற பிறகு என்ன ஆயிற்று? சோழர் இந்த மண்ணில் தங்கி அரசாளவில்லை. வந்தார்கள், வென்றார்கள், திரும்பினார்கள். 1068ஆம் ஆண்டளவில் வீரராஜேந்திரன் மறுபடியும் கடாரத்தை வென்றார். வென்றதைத் தம்மிடம் அடைக்கலம் கேட்டு வந்த அரசனுக்கே திருப்பிக் கொடுத்தார். 1088இல் சுமத்ராவின் பாருஸ் துறையில் தமிழ் வணிகக் குழுவான ஐந்நூற்றுவர் ஒரு தமிழ்க் கல்வெட்டை நட்டார்கள். 1090இல் கடாரத்துத் தூதர்கள் சோழ அரசவைக்கு வந்து, அதே நாகப்பட்டினத்துப் புத்தப் பள்ளியின் நிலங்களுக்கு வரிவிலக்குக் கேட்டுப் பெற்றார்கள். போர் ஒரு பருவத்தில் முடிந்தது. தந்தை போட்ட நட்பின் கணக்கு எண்பது ஆண்டுக்கும் மேலாக ஓடிற்று.

இராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் வெட்டிய பேரேரியையும் நினைக்கவேண்டும். வடக்கே வென்றதன் நினைவாக அவர் கல்தூண் நடவில்லை. சோழகங்கம் என்னும் ஏரியை வெட்டினார். நீராலான வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைப் புகழ்கிறது. அவருடைய அரண்மனை இருந்த இடத்தில் இன்று மண்ணைத் தோண்டி எடுத்த செங்கல் அடித்தளம்தான் இருக்கிறது. ஊர் அதற்கு மாளிகைமேடு என்று பெயர் சொல்கிறது. அரசன் தனக்கென்று கட்டியது மேடாகிவிட்டது. ஊருக்கென்று வெட்டிய ஏரியும் ஊர் கூடிக் கும்பிடக் கட்டிய கோயிலும் நிற்கின்றன.

மகள் வயிற்றுப் பேரன்

ஆட்டத்தின் கணக்கும் வரலாற்றின் கணக்கும் வேறுபடும் இடம் ஒன்று உண்டு. அதைப் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்கவேண்டும்.

இராஜேந்திரனுக்குப் பிறகு அவருடைய மூன்று மகன்கள் ஒருவர்பின் ஒருவராக ஆண்டார்கள். மூத்தவர் இராஜாதிராஜன் 1054இல் கொப்பத்துப் போரில் யானைமேல் இருந்தபடியே உயிர் துறந்தார். தம்பி அந்தப் போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டார். அடுத்து வந்தவர்தான் வீரராஜேந்திரன். அவருடைய மகன் அதிராஜேந்திரன் 1070இல் பட்டமேறிய சில காலத்திலேயே இறந்துபோனார். ஆண்வழியில் அரியணை வெறுமையானது.

அப்போது வந்தவர் இராஜேந்திரனின் மகள் அம்மங்கைதேவியின் மகன். தந்தைவழியில் அவர் வேங்கி நாட்டுச் சாளுக்கியர். முதலாம் குலோத்துங்க சோழன் என்ற பெயரோடு அவர் 1070இல் அரியணை ஏறி ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆண்டார். சுங்க வரியை நீக்கியதால் மக்கள் அவரைச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று வாழ்த்தினார்கள். மேலே சொன்ன கடாரத்துத் தூதர்களை வரவேற்றவரும் அவரே. அவருக்குப் பின் சோழ அரசு 1279வரை நின்றது.

குருசேடர் கிங்ஸ் ஆட்டத்தில், தாய்வழியில் குலம் செல்லும் என்று முன்னரே பேசி முடித்த திருமணமாக இல்லாவிட்டால், மகளின் பிள்ளை தகப்பன் குலத்தைச் சேர்ந்துவிடும். அப்படி ஒரு பேரன் மட்டுமே மிஞ்சினால், “உன் குலம் அற்றது, ஆட்டம் முடிந்தது” என்று கணினி சொல்லிவிடும். கணினி முற்றும் போட்ட இடத்தில், வரலாற்றுச் சோழர் மேலும் இருநூறு ஆண்டு வாழ்ந்தார்கள்! மகள் வயிற்றுப் பேரனால் வாழ்ந்தார்கள்.

ஜொகூர் ஆற்றங்கரையில் ஒரு கோட்டை

சோழர் கதை கெடாவோடு நிற்கவில்லை. நம் ஜொகூருக்கும் அதில் பங்கு உண்டு. ‘செஜாரா மெலாயு’ என்னும் பழைய மலாய் நூல், கலிங்கத்து மாமன்னன் ஒருவன் பெரும்படையோடு கிழக்கே வந்த கதையைச் சொல்கிறது. ஏட்டுக்கு ஏடு ராஜா சுரான், ராஜா சூலான் என்று பெயர் மாறும். சோழன் என்ற பெயரின் எதிரொலி அது என்று அறிஞர் பலர் கருதுவர். அவன் கங்கா நகரத்தை வென்று, பிறகு ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கல் கோட்டை கொண்ட கெலாங்கூய் என்ற நாட்டை வென்று, அந்நாட்டு அரசன் மகளை மணந்தான் என்பது கதை.

அந்தக் கோட்டை கோத்தா திங்கிக் காட்டுக்குள் புதைந்து கிடக்கிறது என்ற செய்தி 2005இல் நாளிதழ்களில் பரபரப்பாக வந்தது. லிங்கியூ பகுதியில் தேடிய அரசாங்க ஆய்வாளர்கள், அப்படி ஒரு நகரம் இருந்த தடயம் கிடைக்கவில்லை என்று 2006இல் அறிவித்தார்கள். கோட்டை கிடைக்காவிட்டால் என்ன? கதை இருக்கிறது. அதன் அடுத்த பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

கலிங்கத்து மன்னன் தெமாசிக், அதாவது இன்றைய சிங்கப்பூர்வரை வந்துவிட்டான். அடுத்தது சீனா! அங்கே சீன அரசன் ஒரு தந்திரம் செய்தான். ஒரு கப்பலில் பல்விழுந்த கிழவர்களையும் துருப்பிடித்த மெல்லிய ஊசிகளையும் காய்த்துக் குலுங்கும் மரங்களையும் ஏற்றி அனுப்பினான். “சீனா எவ்வளவு தூரம்?” என்று மன்னனின் ஆட்கள் கேட்டார்கள். “நாங்கள் புறப்பட்டபோது சிறுவர்கள். இந்த மரங்கள் அப்போது விதைகள். இந்த ஊசிகள் அப்போது கைத்தடிமன் இரும்புக் கம்பிகள்” என்றார்கள் கிழவர்கள். ஒரு வாழ்நாளில் போய்ச் சேரமுடியாத தூரம் என்று நம்பி மன்னன் திரும்பிவிட்டானாம்.

உலகையே வெல்ல வந்தவனைத் திருப்பி அனுப்பியது படையன்று. “உனக்கு ஆயுள் போதாது” என்ற ஒரே எண்ணம். இன்னொன்றும் உண்டு. மலாக்கா சுல்தான்களின் வம்சத்தையே அந்த நூல் இந்த மன்னனின் வழியாகத்தான் சொல்கிறது. படையெடுத்து வந்தவனை மலாய்ப் புலவர்கள் தங்கள் அரசரின் பாட்டனாக ஏற்றுக்கொண்டார்கள்.

பள்ளித் திடலில் கேட்ட பேச்சு

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்? “இந்த நாட்டை நாங்கள் ஒரு காலத்தில் பிடித்தவர்கள்” என்று பிள்ளைகள் திடலில் பேசுவதைக் கேட்கிறேன். சட்டையில் புலிச்சின்னம், வாயில் ஆண்ட பரம்பரைப் பேச்சு. அது பக்கத்தில் நிற்கும் மலாய்ப் பிள்ளையின் மனத்தில் எப்படித் தைக்கும் என்று அவர்கள் எண்ணுவதில்லை. எங்கும் “கூலி” என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த சமுதாயத்துக்கு ஒரு பெருமை வேண்டியிருக்கிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தவறான இடத்தில் பிடித்த பெருமை கையைச் சுட்டுவிடும்.

சோழர் கப்பல் புறப்பட்ட சோழ நாட்டுக் கரையில்தான் நாகப்பட்டினம் இருக்கிறது. அதே நாகப்பட்டினத்திலிருந்துதான் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு நம் பாட்டன் பாட்டிமார் ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் ஏறி வந்தார்கள். அவர்கள் எந்த நாட்டையும் பிடிக்கவில்லை. கூலாய், குளுவாங், சிகாமட் பக்கத்துக் காடுகளை அழித்து ரப்பர் நட்டார்கள். பிறகு செம்பனை நட்டார்கள். லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கோயிலும் ஒரு பள்ளிக்கூடமும் எழுப்பினார்கள். படை வந்து திரும்பிப் போயிற்று; பாட்டி வந்து தங்கினாள். இந்த நாட்டில் நம் உரிமைக்கு எது நல்ல சாட்சி என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

கணினி இல்லாத வீட்டிலும் ஆடலாம்

கணினி இல்லையே என்று எந்தப் பிள்ளையும் ஏங்கவேண்டாம். வாரிசு ஆட்டத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தையும் இருபது புளியங்கொட்டைகளையும் வைத்து வீட்டிலேயே ஆடலாம். நான்கு பேர் போதும்.

முதலில் சீட்டுகளில் குணங்களை எழுதுங்கள்: கோபம், இரக்கம், கஞ்சத்தனம், அச்சம், பெருமை. வேறு சீட்டுகளில் சிக்கல்களை எழுதுங்கள்: ஏரி உடைந்தது, நண்பன் நாட்டில் நம் வணிகரைப் பிடித்துவிட்டார்கள், இரண்டு பிள்ளைகள் சண்டை, மழை இல்லை, அயல்நாட்டான் அடைக்கலம் கேட்கிறான். புளியங்கொட்டைகள்தாம் கஜானா.

முதல் ஆள் ஒரு குணச்சீட்டு எடுக்கவேண்டும்; பிறகு மூன்று சிக்கல் சீட்டுகள். ஒவ்வொரு சிக்கலிலும் தன் குணப்படி முடிவு செய்து, செலவான கொட்டைகளைத் தள்ளி வைக்கவேண்டும். குணத்துக்கு எதிராக முடிவு செய்தால் ஒரு கொட்டை தண்டம். செய்ததை நோட்டில் ஒவ்வொரு வரியாக எழுதவேண்டும். மூன்று முடிவுகள் ஆனதும் அந்த அரசன் இறந்தான்! மிச்சக் கொட்டைகளும் நோட்டும் அடுத்த ஆளிடம் போகும். போரில் செலவான கொட்டை திரும்பாது. ஏரி, பள்ளி, நட்பு என்று செலவு செய்திருந்தால் அடுத்தவருக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு கொட்டை கிடைக்கும். நான்கு பேரும் ஆடி முடித்தபின் நோட்டை முதலிலிருந்து உரக்கப் படியுங்கள்.

வரலாற்றுப் பாட வேளையில் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இதை ஆடவைத்தேன். முதல் அரசன் பதினாறு கொட்டைகளைப் போருக்குச் செலவிட்டுப் பலத்த கைத்தட்டல் வாங்கினான். அவனுக்கு வாரிசாக வந்த மாணவி கையில் நான்கு கொட்டைகளை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். “எனக்கு என்னப்பா வைத்தீர்கள்?” என்றாள். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. மறுமுறை ஆடும்போது முதல் வேலையாக ஏரி வெட்டினான்.

பெற்றோரே! உங்கள் பிள்ளை அரசனாகத் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தால், உடனே மின்சாரத்தை அணைத்துவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, “உன் ராஜா யார், அவருக்குப் பிறகு யார், அவர்களுக்கு நீ என்ன வைத்துவிட்டுப் போகிறாய்?” என்று கேளுங்கள். அவன் சொல்லி முடித்ததும் நம் வீட்டுப் பாட்டன் பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் எந்த மலைக்காட்டைத் திருத்தினார்கள், உங்களுக்கு எதை வைத்துப் போனார்கள் என்று சொல்லுங்கள். பெண் பிள்ளையையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

பிறகு கணினியை அணைத்துவிட்டு, சோறு ஆறுமுன் எல்லாரும் சாப்பிட உட்காருங்கள்.